பின் சீட்டுக்காகக் காத்திருந்த ரேஸ் கார்

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம் அது. திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் பக்கம் போகும் ஒரு கிராமத்துச் சாலையில்தான் எனக்கு அந்த அனுபவம் நேர்ந்தது. நேர்ந்தது என்று சொன்னால் ஏதோ தானாக வந்ததுபோல ஆகிவிடும். நானாகப் போய் மாட்டிக்கொண்டேன் என்பதுதான் சரி.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் பதினொரு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர்கள் கார் ஓட்டுவதே இல்லை என்பது பல பேருக்குத் தெரியாது. வலது பக்கம் கற்றுக்கொள்கிறவர் உட்காருவார். இடது பக்கம் நான். என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஆக்சிலேட்டர் கிடையாது. ஆக, பதினொரு வருடமாக நான் பார்த்த வேலை பிரேக் மிதித்ததுதான். பஸ்ஸுக்கு முன்னால் மிதித்திருக்கிறேன், மாட்டுக்கு முன்னால் மிதித்திருக்கிறேன், ஒருமுறை கல்யாண ஊர்வலத்துக்கு முன்னாலும் மிதித்திருக்கிறேன். வீட்டில் டி.வி. பார்க்கும்போது திரையில் ஒரு கார் வேகமாக வந்தால்கூட என் வலது கால் தரையைப் போட்டு அழுத்தும். என் கணவர் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

நாற்பத்தொரு வயதில் எனக்கு ஓர் ஆசை வந்தது. ஒரு தடவையாவது வலது பக்க சீட்டில் உட்கார்ந்து, யார் உயிரையும் காப்பாற்றும் பொறுப்பு இல்லாமல், முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சாலையில் பறக்கிற பைத்தியக்காரத்தனம் இல்லை. அதைச் செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. விக்கிரவாண்டி தாண்டி ஒரு பெரிய மைதானத்தில், கார் பிரியர்கள் சிலர் சேர்ந்து வருடத்துக்கு ஒரு போட்டி நடத்துகிறார்கள். தார் போட்ட தரையில் கூம்புகளை வைத்து வளைவும் நெளிவுமாகப் பாதை அமைப்பார்கள். ஒவ்வொருவராக ஓட்ட வேண்டும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவர் ஜெயித்தார். அதில் 'ரோட்டு வண்டி' என்று ஒரு பிரிவு உண்டு. நம்பர் பிளேட், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக உள்ள சாதாரணக் காரை வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போய், போட்டியில் ஓட்டிவிட்டு, அதிலேயே வீட்டுக்குத் திரும்பலாம். எனக்கென்றே வைத்த பிரிவு மாதிரி இருந்தது.

டிரைவிங் ஸ்கூல் காரை அதற்குக் கொண்டுபோக முடியாது. அதற்கு ஒரு கீறல் விழுந்தாலும் மறுநாள் வகுப்பு நின்றுவிடும். அதனால் தனியாக ஒரு பழைய கார் வாங்க முடிவு செய்தேன். கையில் சேர்த்து வைத்திருந்தது ஒன்றரை லட்சம். அதற்குள் கார், டயர், ஹெல்மெட் எல்லாம் முடிய வேண்டும்.

விழுப்புரத்தில் ஒரு புரோக்கர் சிவப்பு நிறக் கார் ஒன்றைக் காட்டினார். பார்த்த உடனே மனசு போய்விட்டது. தரையோடு தரையாக இறக்கிய உடம்பு. அகலமான டயர். பின்னால் சொம்பு அகலத்துக்கு சைலன்சர். ஸ்டார்ட் பண்ணினால் தெருவே திரும்பிப் பார்த்தது.

"மேடம், இது ஓடாது. பறக்கும்" என்றார் புரோக்கர்.

என் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். ஆர்.சி. புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல வண்டி கலரு சில்வர்னு போட்டிருக்குது" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது காதிலேயே விழவில்லை. "கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கலாமா?" என்று புரோக்கரிடம் கேட்டேன். மறுநாள் அவரே காரைத் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்தார்.

நான் ஓட்டினேன். புரோக்கர் பக்கத்தில் உட்கார்ந்தார். கணவர் பின்னால் பைக்கில் வந்தார். நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் கிராமத்துச் சாலையில் நாலைந்து கிலோமீட்டர் போயிருப்போம். எதிரே சாலை நெடுக உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் இது வழக்கம். பிடுங்கிக் காயவைத்த செடியைச் சாலையில் போட்டுவிட்டால், போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறி நெற்றிலிருந்து உளுந்து உதிர்ந்துவிடும். செய்யக்கூடாது என்று சொல்வார்கள்தான். ஆனால் களமும் ஆளும் கிடைக்காதபோது வேறு என்ன செய்வார்கள்? நானும் டிரைவிங் ஸ்கூல் காரில் நூறு தடவை அதன்மேல் ஏறிப் போயிருக்கிறேன்.

சிவப்புக் காரில் ஏறிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. தாழ்ந்த வயிறு செடியை வாரி அணைத்துக்கொண்டது. சர சர என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு கருகல் வாசனை. அடுத்த நொடி கியருக்குப் பக்கத்திலிருந்து புகை வந்தது. காய்ந்த கொடி, கொதிக்கிற சைலன்சர் குழாயில் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பதினொரு வருடமாக எதைச் செய்தேனோ அதைத்தான் செய்தேன். பிரேக்கை மிதித்தேன். கார் சரியாக உளுந்துக் குவியலின் நடுவில் போய் நின்றது. புரோக்கர் கதவைத் திறந்துகொண்டு ஓடியே போய்விட்டார்.

சாலையோரத்திலிருந்து ஓர் அம்மா கையை வீசிக்கொண்டு ஓடிவந்தார். ஐம்பது வயது இருக்கும். தலையில் துண்டு, இடுப்பில் செருகிய புடவை.

"நிக்காத! நிக்காத! முன்னாடி போ! செடியத் தாண்டிப் போ!"

என் கால் பிரேக்கை விடவில்லை. அவர் இரண்டு கையையும் முன்பக்கமாக வீசி வீசிக் காட்டினார். அந்தக் கையைப் பார்த்துத்தான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். செடியைத் தாண்டி வெறும் தாருக்கு வந்ததும் இறங்கி ஓடினேன். என் கணவர் ஒரு கழியால் புகைந்த கொடியை இழுத்துப் போட்டார். அந்த அம்மா சாலையோரத்து மண்ணை வாரி வாரிக் கொட்டினார். வயலில் இருந்தவர்கள் ஓடிவந்து இரண்டு குடம் தண்ணீரும் ஊற்றிய பிறகுதான் புகை அடங்கியது. இன்னும் ஒரு நிமிடம் அங்கேயே நின்றிருந்தால் காரும் போயிருக்கும், அவர்களுடைய வெள்ளாமையும் போயிருக்கும்.

"ஏம்மா, உனுக்கு அறிவு இருக்குதா? பொகையற வண்டியக் கொண்டாந்து உளுந்து மேல நிறுத்தறியே! ரெண்டு காணி உளுந்தும்மா இது!"

"தப்பு எங்களுதுங்க. மன்னிச்சிக்குங்க" என்றார் என் கணவர்.

"இன்னா வண்டி இது, வயித்தத் தரையில தேச்சிக்கினு வருது?"

"ரேஸுக்கு வாங்கலாம்னு பாத்துக்கினு இருக்கோம்ங்க."

அந்த அம்மா காரை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். "எங்க ஊரு ரோட்டையே தாண்ட முடியல. இது எங்க போயி ரேஸ் ஓடறது?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊருக்கே ஓட்டக் கற்றுத் தருகிறவள், எங்கே நிறுத்தக்கூடாது என்று தெரியாமல் நிறுத்தியிருக்கிறேன். நல்லவேளை, நான் யார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

புரோக்கர் மெதுவாகத் திரும்பி வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் பைக்கில் ஏறப் போனோம். அப்போதுதான் அந்த வெள்ளைக் காரைப் பார்த்தேன். பழைய சின்னக் கார். உடம்பெல்லாம் புழுதி. அந்த அம்மாவே அதில் ஏறி உட்கார்ந்து, சிதறிய உளுந்துச் செடியின் மேல் முன்னும் பின்னுமாக ஓட்ட ஆரம்பித்தார். நூறு அடி தூரம் ரிவர்ஸில், நூல் பிடித்ததுபோல நேராக வந்தார். என்னிடம் இருபது நாள் படித்தவர்கள்கூட அப்படி ரிவர்ஸ் எடுக்கமாட்டார்கள். வண்டியும் ஒரு முனகல் இல்லாமல் சொன்னபடி கேட்டது. செடி அடியில் சிக்கவும் இல்லை.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அக்கா, லைசென்ஸ் இருக்குதா?" என்று கேட்டுவிட்டேன்.

"லைசென்ஸா? அது இருந்தா உளுந்து சீக்கிரம் உதிருமா?" என்றார்.

இந்தத் தடவை நான்தான் முதலில் சிரித்தேன். பேச்சு வளர்ந்தது. அந்த வண்டியில்தான் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, உர மூட்டை எல்லாம் திண்டிவனத்துக்குப் போகுமாம். மகன் ஒரு குட்டியானை லோடு வண்டி வாங்கப் போவதால் இதை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த வண்டியை இரண்டு மணி நேரம் சோதித்தார். இன்ஜினைப் பார்த்ததைவிட அடிப்பக்கத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம். துரு இல்லை, அடிபட்டு ஒட்டுப்போட்ட தடம் இல்லை, சேஸிஸ் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப் போகிறது, கலரும் வெள்ளை என்றுதான் போட்டிருக்கிறது. மூட்டை சுமந்து சுமந்து பின்பக்க ஸ்பிரிங் மட்டும் தளர்ந்திருந்தது. "சக்தி கம்மிதான். ஆனா லேசான வண்டி. மிச்சப் பணத்துல நாலு நல்ல டயரும் பிரேக்கும் போட்டா போதும். சத்தத்த வெச்சா ரேஸ் ஓட்டப் போற?" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசினாலே எனக்கு நம்பிக்கை வந்துவிடும். வாங்கிவிட்டோம். அக்காவுக்கு நான் இலவசமாக லைசென்ஸ் எடுத்துத் தர வேண்டும் என்பதும் பேரத்தில் சேர்ந்துகொண்டது.

கிளம்பும்போது அக்கா சொன்னார்: "மூட்டை ஏத்தறதுக்காகப் பின் சீட்டக் கழட்டிட்டோம். கெணத்து மோட்டார் கொட்டாயில கெடக்குது, எடுத்துக்கினு போ."

"வேணாம்க்கா. எடை கொறைஞ்சா வண்டி இன்னும் வேகமாப் போவும்" என்றேன், பத்து ரேஸ் ஜெயித்தவள் மாதிரி. கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இரண்டு மாதம் பயிற்சி செய்தேன். திண்டிவனத்தைச் சுற்றி வீடு வராத மனைப் பிரிவுகள் நிறைய இருக்கின்றன. தெரிந்தவர் ஒருவரிடம் அனுமதி வாங்கி, ஞாயிறு காலைகளில் என் டிரைவிங் ஸ்கூல் கூம்புகளை அங்கே வைத்து ஓட்டினேன். அக்காவும் வகுப்புக்கு வரும்போது வேடிக்கை பார்ப்பார். "வளைவுக்கு வளைவு செவப்பு வெளக்கு எரியுதும்மா" என்பார். உண்மைதான். கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. எவ்வளவு திட்டியும் அது கேட்கவில்லை.

பங்குனியில் போட்டி வந்தது. காலை ஏழு மணிக்கே மைதானத்துக்குப் போய்விட்டோம். என் பிரிவில் மொத்தம் பதினொரு கார்கள். பெண் நான் ஒருத்திதான். முதலில் வண்டிச் சோதனை. ஓர் இளைஞர் அட்டையில் காகிதம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்தார். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஹெல்மெட், பெல்ட், விளக்கு. ஆர்.சி.யில் வண்டி நிறத்தைக்கூடச் சரிபார்த்தார். சிவப்புக் கார் ஞாபகம் வந்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். அதே சிரிப்போடு நிற்கும்போது அவர் பின் கதவைத் திறந்தார்.

"மேடம், பின் சீட் எங்க?"

"எடைக்காக எடுத்துட்டோம் தம்பி."

"இந்தப் பிரிவுல கம்பெனி கொடுத்த சீட் எல்லாம் இருக்கணும் மேடம். விதியிலேயே போட்டிருக்கோமே. இல்லன்னா மாத்தியமைச்ச வண்டிப் பிரிவுக்குப் போகணும். அதுக்கு உள்ள இரும்புக் கூண்டு வேணும்."

விதிப் புத்தகத்தை அவர்கள் அனுப்பித்தான் இருந்தார்கள். நான் இரண்டாம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். சாலைக் குறியீடுகளைப் படிக்காமல் வருகிறவர்களை நான் எப்படியெல்லாம் திட்டுவேன்! சோதனை ஒன்பது மணிக்கு முடிந்துவிடும் என்றார்கள். மணி ஏழரை. இரண்டு மாத உழைப்பு, நாற்பத்தொரு வயதில் வந்த ஆசை, எல்லாம் ஒரு மோட்டார் கொட்டாயில் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கணவர் போனை எடுத்து என் கையில் கொடுத்தார். அக்காவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "அழுவாத. அங்கயே இரு. ஜல்தியா வர்றேன்" என்று வைத்துவிட்டார். அங்கிருந்து மைதானத்துக்கு எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். டோல்கேட் வேறு. நான் வாசலிலேயே நின்று, வருகிற ஒவ்வொரு லோடு வண்டியையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணி நாற்பது நிமிடத்துக்கு அந்தக் குட்டியானை உள்ளே வந்தது. மகன் ஓட்ட, பக்கத்தில் அக்கா. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய சீட். நாற்று நடப் போகிறவர்போலப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா இறங்கிய அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சீட்டில் உளுந்து உமியும் கோழி இறகும் ஒட்டியிருந்தன. கணவர் அதற்குள் போல்ட்டுகளையும் ஸ்பானரையும் எடுத்து வரிசையாக வைத்திருந்தார். பக்கத்துக் காரின் பையன்கள் இரண்டு பேர் தாங்களாகவே வந்து தூக்கிப் பிடித்தார்கள். எட்டு ஐம்பத்தைந்துக்குச் சோதனை இளைஞர் மறுபடி கதவைத் திறந்து, சீட்டை ஆட்டிப் பார்த்து, டிக் அடித்தார்.

ஆளுக்கு மூன்று ஓட்டம். எதில் நேரம் குறைவோ அதுதான் கணக்கு. முதல் ஓட்டத்தில் ஒரு கூம்பையும் தொடாமல், ஒரு தப்பும் இல்லாமல் ஓட்டினேன். லைசென்ஸ் டெஸ்டாக இருந்தால் முழு மதிப்பெண். இங்கே கடைசிக்கு முந்தின இடம். வளைவுக்கு வளைவு கால் பிரேக்கில்தான் இருந்தது. இரண்டாவது ஓட்டத்தில் ரோஷப்பட்டு விரட்டினேன். பாதை தவறி ஒரு திருப்பத்தையே விட்டுவிட்டேன். அது கணக்கிலேயே சேராது என்றார்கள்.

மூன்றாவது ஓட்டம். பாதை பழகியிருந்ததால் மற்ற வளைவுகளைப் பிரேக்கை லேசாகத் தொட்டே கடந்துவிட்டேன். கடைசிப் பகுதியில் இடது பக்கமாக நீளமாக வளையும் ஒரு வளைவு. இரண்டு தடவையும் அங்கேதான் பயந்திருந்தேன். இந்தத் தடவையும் வளைவு நெருங்கியதும் கால் ஆக்சிலேட்டரிலிருந்து தூக்கிக்கொண்டது. அப்போது கயிற்றுக்கு வெளியே அக்கா நின்றுகொண்டிருந்தது கண்ணில் பட்டது. ஹெல்மெட்டுக்குள் ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனால் கையைப் பார்த்தேன். அன்றைக்கு உளுந்து புகைந்தபோது வீசினாரே, அதே மாதிரி இரண்டு கையையும் முன்பக்கமாக வீசிக்கொண்டிருந்தார். என்ன கத்துகிறார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கால் பிரேக்குக்குப் போகவில்லை. டயர் கீச்சிட்டது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. ஆனாலும் பாதையை விடவில்லை. அந்த லேசான, மூட்டை சுமந்த வெள்ளை வண்டி என்னை அந்த வளைவிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவந்து சேர்த்தது.

பதினொரு கார்களில் இரண்டாம் இடம். முதலிடம் ஒரு கல்லூரி மாணவருக்கு. அவர் வண்டி என் வண்டியைவிட மூன்று மடங்கு விலை. மைக்கில் திண்டிவனம் என்று ஊர்ப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதும் ஓட்டமாகப் போனேன். கோப்பையை வாங்கிக்கொண்டு கணவரிடம் வந்தேன். அவர் என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "கடைசி வளைவுல பிரேக் லைட்டே எரியல" என்றார். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டியதிலேயே பெரிய பாராட்டு அதுதான். அவர் கண் கலங்கியிருந்ததையும் பார்த்தேன். புழுதி என்று சொன்னார்.

கிளம்பும்போது அக்காவின் மகன் லோடு வண்டியில் கூப்பிட்டான். அக்கா போகவில்லை. "சீட்டத் தூக்கிக்கினு வந்தவ நானு. நான் இதுலதான் உக்காந்துக்கினு வருவேன்" என்று எங்கள் காரின் பின் சீட்டில் ஏறி, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டார். திண்டிவனம் வரும்வரை வழியில் டீக்கடை, டோல்கேட் எங்கே நின்றாலும், கண்ணாடியை இறக்கிக் கோப்பையை வெளியே காட்டாமல் விடவில்லை. அக்கா இப்போது முறையாக லைசென்ஸ் வாங்கி, மகனுடைய லோடு வண்டியை அவரே ஓட்டுகிறார்.

நான் பழையபடி காலை ஆறு மணிக்கு இடது பக்க சீட்டில் ஏறி உட்காருகிறேன். கால் தானாகப் போய் அந்தப் பிரேக்கின் மேல் நிற்கிறது. இத்தனை வருடமாக ஊரில் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய இந்தக் காலுக்கு, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு வளைவில், சும்மா இருக்கவும் தெரிந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வருகிறது.